ஆச்சுங்க, படுத்துக்கங்க

நாமக்கல்லுக்குக் கிழக்கே, கோழிப்பண்ணைகளின் வாடை தொடங்குகிற இடத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த மாரப்பன், உயிரோடு இருப்பவர்களைப் படம் எடுப்பதில் ஒரு நாளும் பேர் வாங்கியவனில்லை. அவன் 'ஆடாம இருங்க' என்று சொல்கிற அதே நொடியில்தான் மாப்பிள்ளைக்குத் தும்மல் வரும், பெண்ணுக்குக் கண் மூடும், மாமன்காரர் பந்தியில் யாரையோ அதட்டத் திரும்புவார், ஆல்பம் கைக்கு வரும்போது பாதிச் சொந்தத்துக்கு முகம் இருக்கவேண்டிய இடத்தில் பின்மண்டை இருக்கும். ஆனால் செத்தவர்கள் அவன் சொன்னால் கேட்பார்கள். எழவு வீட்டில் உடலை நாற்காலியில் சாத்தி, தாடையைத் துணியால் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, மக்கள் சுற்றி நின்று கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் அந்தப் பக்கம் இன்னும் இருந்தது. மாரப்பன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, 'அய்யா, கொஞ்சம் நிமிருங்க' என்பான், சாய்ந்த தலை நிமிரும். 'கண்ணுங்க' என்பான், கண் திறக்கும். படம் எடுத்ததும் 'ஆச்சுங்க, படுத்துக்கங்க' என்பான், தலை பழையபடி சாய்ந்துவிடும்.

முதல் தடவை இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். மூன்றாவது தடவையே சனங்களுக்குப் பழகிவிட்டது. 'அப்படியே கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க, இருந்தவரைக்குந்தான் சிரிக்கல' என்று ஒரு மருமகள் கேட்டாள். காட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டுச் சொல்லும்படி ஒரு மூத்த மகன் மாரப்பனைத் தனியாகக் கூட்டிப்போய்க் கெஞ்சினான். செத்தவர்கள் நிற்பார்கள், நிமிர்வார்கள், பேசமாட்டார்கள் என்று தெரிந்ததும் அவனுக்கு அப்பன் செத்த துக்கம் அப்போதுதான் வந்தது. ஒரே ஒரு தடவை, செல்லாயி என்கிற அம்மாளைப் படம் எடுத்துவிட்டு, யாரோ காப்பி குடிக்கக் கூப்பிட்டதில், மாரப்பன் அந்த வார்த்தையைச் சொல்ல மறந்து கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டான். அந்த அம்மாள் பாடையிலும் படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே சுடுகாடு வரைக்கும் போனாள், தூக்கியவர்கள் தோள் நொந்து திட்டிக்கொண்டே போனார்கள். விஷயம் தெரிந்து மாரப்பன் ஓடிப்போய்ச் சொன்ன பிறகுதான் அவள் படுத்தாள். படுப்பதற்கு முன்னால் அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகு அந்த வார்த்தையைச் சொல்லாமல் அவன் கேமராவைப் பைக்குள் வைத்ததில்லை.

கோழிப்பண்ணை முதலாளி குழந்தைவேலுவின் அப்பாவையும் மாரப்பன்தான் எடுத்தான். மூன்று மாதம் கழித்துக் குழந்தைவேலு அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏப்பா, எங்கப்பன உசுரோட இருக்கற மாதிரியே எடுத்துக் குடுத்தியே, அதே மாதிரி ஒரு சிங்கத்த எடுக்கோணும்."

"சிங்கமுங்களா?"

"ஆப்பிரிக்காவுல நாஞ் சுடப்போற சிங்கம். போன தடவ ஒரு வரிக்குதிரையச் சுட்டேன், அங்கிருக்கறவன் எடுத்த போட்டாவப் பாரு, செத்த கழுதைகூட நிக்கற மாதிரி இருக்குது. சுட்டது பெருசில்ல மாரப்பா, படம் நல்லா வரோணும்." பிறகு குரல் தணிந்து, யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறவர் போலச் சொன்னார்: "காலைல எந்திரிக்கறேன், பல்லு வெளக்கறேன், பண்ணைக்குப் போறேன், ஒண்ணுமே தெரியறதில்ல. நாக்குல உப்பு ஒறைக்கறதில்ல. அந்த வரிக்குதிரை விழுந்துது பாரு, அப்பத்தான் நெஞ்சு திக்திக்குன்னு அடிச்சுது. அந்த ஒரு நிமிசம் நான் உசுரோட இருந்தேன்."

காப்பி கொண்டுவந்து வைத்த அவர் மனைவி சாந்தாமணி, "உப்பு ஒறைக்கலீன்னா ஊருல டாக்டர்கிட்டப் போவாங்க. இவுரு ஆப்பிரிக்கா போறாரு" என்று தம்ளரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே போனார். குழந்தைவேலுவுக்கு அதுவும் உறைக்கவில்லை.

ஆப்பிரிக்காவின் தெற்கே, இடுப்புயரம் மஞ்சள் புல் காய்ந்து நிற்கும் ஒரு நாட்டில், ஹென்ட்ரிக் என்கிற சிவந்த மனிதனின் வேட்டை முகாம் இருந்தது. சாப்பாட்டு அறையின் நான்கு சுவரிலும் மான், எருமை, காட்டுப்பன்றி என்று தலைதலையாக மாட்டியிருந்தார்கள். அத்தனை கண்ணாடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, வந்தவர்கள் அதே இனத்து இறைச்சியை வெட்டிச் சாப்பிட்டார்கள். மாரப்பன் முதல் நாளே தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ரொட்டியைத் தண்ணீரில் தோய்த்துத் தின்றான். அங்கே அவனுக்குப் பேச்சுத்துணை தோலுரிக்கிற தபோ ஒருவன்தான். அவனுக்கும் மாரப்பனைப் போல நாற்பத்தைந்து வயது இருக்கும். இருவருக்குமே ஆங்கிலம் ஓட்டை, ஆனால் ஓட்டைக்கு ஓட்டை சரியாகப் பொருந்தியதால் எல்லாம் விளங்கியது.

சிங்கம் காட்டில் இருக்கும் என்றுதான் மாரப்பன் நினைத்திருந்தான். அது கொட்டகையில் இருந்தது. கம்பிவலை, தீனித்தொட்டி, தண்ணீர்க்குழாய், வயதுவாரியாகப் பிரித்த கூண்டுகள். குட்டியாக இருக்கையில் ஊர் சுற்ற வந்தவர்கள் புட்டிப்பால் கொடுத்துக் கொஞ்சிப் படம் எடுத்துக்கொள்வார்கள், பிடரி வளர்ந்ததும் வேலி போட்ட பெரிய வயலில் இறக்கிவிடுவார்கள், அதற்குப் பேர் காடு.

"ஏனுங், நம்ம பண்ண மாதிரியே இருக்குதுங்" என்று மாரப்பன் வாய் தவறிச் சொன்னான்.

"வாய மூடு. கோழியும் சிங்கமும் ஒண்ணா?" என்றார் குழந்தைவேலு. ஆனால் தொட்டியின் அளவையும் தீனி போடும் நேரத்தையும் அவர் கண் தன்னால் கணக்குப் பார்த்ததை மாரப்பன் கவனித்தான்.

மறுநாள் காலை குழந்தைவேலு பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, புதுப் பூட்ஸ் சகிதம் ஜீப்பின் மேல் உட்கார்ந்துகொண்டார். தபோ ஒரு தகர வாளியைக் குச்சியால் தட்டினான். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் தீனி என்று மட்டுமே தெரிந்த சிங்கம் புல்லை விலக்கிக்கொண்டு, வாலைத் தூக்கிக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடியே வந்தது. முதல் குண்டு வயிற்றில் பட்டது. அது வாளியைப் பார்த்தது, பிறகு தபோவைப் பார்த்தது. இரண்டாவது குண்டு மண்ணில். மூன்றாவதில் விழுந்தது. குழந்தைவேலு ஜீப்பிலேயே எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, 'முருகா' என்று கத்தினார். கண்ணில் தண்ணீர் வந்தது. எந்த முருகன் இதைக் கேட்டு மகிழ்வான் என்று மாரப்பனுக்குத் தோன்றியது.

தபோ ரத்தத்தைக் கழுவினான், தொங்கிய நாக்கை உள்ளே தள்ளினான், தாடைக்குக் கீழே கல் வைக்கக் குனிந்தான். எல்லா வேட்டைப் படத்திலும் அப்படி ஒரு கல் இருக்கும், நமக்குத் தெரியாது. மாரப்பனுக்கோ செத்தவர் முன்னால் நின்றால் வேறு பேச்சு வராது. செருப்பைக் கழற்றினான், கேமராவை எடுத்தான், 'அய்யா, கொஞ்சம் நிமிருங்க' என்றான்.

சிங்கம் நிமிர்ந்தது. 'கண்ணுங்க' என்றான், திறந்தது. குழந்தைவேலு அதன் பிடரியில் கை வைத்துத் துப்பாக்கியோடு உட்கார்ந்தார். 'ஆடாம இருங்க' என்றான் பொதுவாக. படம் எடுத்தான். காசு கொடுக்கிறவரைக் காக்க வைக்கக்கூடாது என்கிற வழக்கத்தில் முதலில் முதலாளியைப் பார்த்து, 'உங்களுக்கு ஆச்சுங்க' என்றான், அவர் எழுந்துகொண்டார். சிங்கத்தின் பக்கம் திரும்பி வாயெடுப்பதற்குள் அவர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"இரு. சொல்லாத. நின்னுட்டு ஒண்ணு எடுக்கலாம்."

நின்றுகொண்டு ஒன்று, காலை அதன் கழுத்தில் வைத்து ஒன்று, வாயைத் திறக்கச் சொல்லித் தலையை உள்ளே காட்டி ஒன்று. ஹென்ட்ரிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஆச்சரியப்படவில்லை, கணக்குப் போட்டான். அடுத்த வாரம் ஒன்பது பேர் வருகிறார்கள், ஒன்பது சிங்கம் வளர்த்த செலவு அவனுக்குத் தெரியும். நடக்கச் சொன்னால் நடக்குமா என்று கேட்டான். குழந்தைவேலு மாரப்பன் பக்கம் திரும்பி, "எந்திரிச்சு நடக்கச் சொல்லு, பாக்கலாம்" என்றார். மாரப்பன் சொன்னான். சிங்கம் வயிற்று ஓட்டையோடு பத்தடி நடந்து, திரும்பி, அடுத்த உத்தரவுக்காக அவனைப் பார்த்தது. அது செல்லாயி அம்மாளின் பார்வை.

தபோ கத்தியைத் துடைத்து உறையில் போட்டான். "உரிக்க வேண்டியது எழுந்து நின்றால் எனக்கு இங்கே வேலையில்லை" என்று சொல்லிவிட்டு மர நிழலில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அதன் பிறகு அந்த ஒரே சிங்கத்தைத்தான் எல்லோரும் சுட்டார்கள். நெல் வியாபாரி ஒருவன் சுட்டான், இன்ஷூரன்ஸ்காரன் ஒருவன் சுட்டான், மனைவியை இழந்து ஆறு மாதமான ஒருவன் சுட்டுவிட்டு முழங்காலிட்டு ஜெபித்தான், தேனிலவுக்கு வந்த புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு குண்டு போட்டுவிட்டு அதன் மேல் சாய்ந்து முத்தமிட்டுக்கொண்டார்கள். மாரப்பன் 'நடங்க' என்பான், சிங்கம் நடக்கும், சுடுவார்கள், 'படுங்க' என்பான், படுக்கும், 'நிமிருங்க' என்பான், நிமிரும். செத்த உடம்பில் ரத்தம் வராததால் ஹென்ட்ரிக் ஒரு டப்பாவில் ஆட்டு ரத்தம் கொண்டுவந்து ஊற்றினான், படத்துக்கு முன்னால் அதையே கழுவினான். ஓட்டைகள் பெருகின, மாரப்பன் அவற்றில் பஞ்சும் மஞ்சள்பொடியும் கற்பூரமும் வைத்து அடைத்தான். பிடரிமயிர் கொத்துக்கொத்தாக உதிர்ந்தது; பசை போட்டு ஒட்டினார்கள். நாற்றம் சாப்பாட்டு அறை வரைக்கும் வந்தது. வந்தவர்கள் மூக்கில் தைலம் தடவிக்கொண்டு, ஏற்கெனவே செத்ததைத்தான் சுடுகிறோம் என்று நன்றாகத் தெரிந்தும், சுட்டார்கள், அழுதார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது குறையாகவே படவில்லை. திருப்பித் தாக்காது என்பதைத் தவிர அதற்கும் கொட்டகைச் சிங்கத்துக்கும் வித்தியாசமில்லை, கொட்டகைச் சிங்கமும் திருப்பித் தாக்குவதில்லை. சுட்டு முடித்ததும் எல்லோரும், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், நெஞ்சில் கை வைத்து ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று மாரப்பன் தபோவிடம் கேட்டான்.

"உயிரோடு இருக்கிறார்களாம்" என்றான் தபோ. துப்பினான்.

மாரப்பன் சிங்கத்திடம் 'ஆச்சுங்க, படுத்துக்கங்க' என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல்தான். அவனுடைய பாஸ்போர்ட் குழந்தைவேலுவின் தோள்பையில் இருந்தது, 'ஆச்சுன்னு சொன்னீன்னா நீ ஊருக்கு நடந்துதான் போகோணும்' என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார் என்பதெல்லாம் நிஜம். அதைவிட நிஜம் ஒன்று உண்டு: வெள்ளைக்காரர்கள் அவன் படங்களைப் பார்த்துவிட்டு அவன் தோளைத் தட்டினார்கள். வாழ்நாளில் முதல்தடவையாக, உயிரோடு இருக்கும் மனிதர்கள் அவன் சட்டத்துக்குள் சிலையாக நின்றார்கள். யாரும் தும்மவில்லை, யாரும் திரும்பவில்லை, அவன் தமிழில்தான் சொன்னான், அவர்கள் அச்சுப்பிசகாமல் கேட்டார்கள். 'உங்களுக்கு ஆச்சுங்க' என்று தனித்தனியாகச் சொன்ன பிறகே அசைந்தார்கள். தனக்குத் தொழில் கைவந்துவிட்டது என்று அவன் நினைத்தான், சிங்கம் ஒவ்வொரு நாளும் அவனைப் பார்த்தது, அவன் ஒவ்வொரு நாளும் கேமராவைப் பைக்குள் வைக்காமல் கழுத்திலேயே தொங்கவிட்டுக்கொண்டு லென்ஸைத் துடைத்தான். தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தும் துடைத்தான்.

இருபத்தாறாம் நாள் குழந்தைவேலு அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

"மாரப்பா, தை மாசம் புள்ளைக்குக் கல்யாணம் வெச்சிருக்கறேன். எங்கப்பன நம்ம காட்டுலதான பொதைச்சிருக்குது? தோண்டி எடுத்து, பட்டு வேட்டி கட்டி, மேடையில நிக்க வெச்சரலாம். பேத்தி கல்யாணத்தப் பாக்கலீன்னு அவருக்கும் கொற இருக்கும்ல? வாறவனெல்லாம் மூக்கு மேல வெரல வெக்கோணும்."

"அவருக்கு ஆச்சுன்னு சொல்லிட்டனுங்க."

"திருப்பி எந்திரிக்கச் சொல்லு. சிங்கமே கேக்குது, எங்கப்பன் கேக்கமாட்டாரா? கல்யாணம் முடிஞ்சும் சொல்ல வேண்டாம். ஹால்லயே நிக்கட்டும்."

மாரப்பன் எழுந்துபோய் வேலியோரமாக வாந்தி எடுத்தான். உள்ளே இருந்தது எல்லாம் வந்தது. தபோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"சிங்கம் களைத்துவிட்டது" என்றான் தபோ.

மறுநாள் காலை எல்லோரும் ஊர் திரும்புவதற்கு முன்னால் கூட்டாக ஒரு படம் வேண்டும் என்றார்கள். பத்து வேட்டைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள், நடுவில் குழந்தைவேலு சிங்கத்தின் கழுத்தில் வலது காலை வைத்து, துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, பல் தெரியச் சிரித்தார். ஹென்ட்ரிக் சட்டத்துக்குள் வரவில்லை. வந்திருந்தால் அவன் கதையும் தெரிந்திருக்கும். மாரப்பன் செருப்பைக் கழற்றினான். 'எல்லாரும் ஆடாம இருங்க' என்றான்.

ஆடாமல் இருந்தார்கள். சிங்கத்தின் மேலிருந்து ஒரு பச்சை ஈ எழுந்து குழந்தைவேலுவின் கன்னத்தில் உட்கார்ந்து, மேலே ஏறி, திறந்திருந்த கண்ணின் வெள்ளையில் ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் நிதானமாக நடந்தது. அவர் இமைக்கவில்லை. மாரப்பன் லென்ஸ் வழியாக அந்த ஈயையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வருஷத் தொழிலில் உயிருள்ள ஒரு பிறவி, ஒரு கைக்குழந்தைகூட, அவன் சொல்லிக் கேட்டதில்லை. இத்தனை நாள் இவர்கள் கேட்டதற்கு என்ன காரணம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. படத்தை எடுத்தான். பிறகு வரிசைக்குப் போய், சிங்கத்தின் தலைமாட்டில் மண்டி போட்டு, கிழிந்த காதோரம் குனிந்தான்.

"ஆச்சுங்கய்யா. ரொம்ப நாளாயிருச்சு, மன்னிச்சுக்கங்க. படுத்துக்கங்க."

சிங்கம் அவனைப் பார்த்தது. முன்னங்கால்களை நீட்டி, தலையை அவற்றின் மேல் வைத்து, பெருமூச்சு போல ஒன்றை விட்டது. இருபத்தேழு நாள் காத்திருந்தது எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது, தோல் தளர்ந்தது, பசை விட்டது, பஞ்சும் மஞ்சளும் உதிர்ந்தன, உள்ளே இருந்த குண்டுகள் ஒவ்வொன்றாக மண்ணில் விழுந்தன. உயரம் குறைந்துபோய் அங்கே ஒரு தோலும் எலும்பும் மட்டும் கிடந்தது. குழந்தைவேலுவின் வலது கால் பழைய உயரத்தில், காற்றின் மேல், அப்படியே நின்றது. சிரிப்பும் அப்படியே இருந்தது.

மாரப்பன் அவசரப்படவில்லை. மர நிழலில் உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தான். உசுரிருந்தால் ஆடட்டும், ஒருத்தர் மூக்கைச் சொறிந்தால் போதும், மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று இருந்தான். பத்துப் பேரில் ஒருவரும் சொறியவில்லை. வெயில் இறங்கியதும் அவன் கேமராவைப் பைக்குள் வைத்தான். எடுத்தவர்களிடம் அந்த வார்த்தையைச் சொல்லாமல் அவன் அதை வைத்தது வாழ்க்கையில் இரண்டாவது தடவை; முதல் தடவை மறதி.

தபோ குழந்தைவேலுவின் தோள்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, உரிப்பதற்குக் கத்தியை எடுக்காமல், புதைப்பதற்கு மண்வெட்டியை எடுத்தான். ஹென்ட்ரிக் முதலில் கத்தினான், பிறகு ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்தான், பிறகு சுற்றிக் கயிறு கட்டினான். அடுத்த வாரமே கூட்டம் வர ஆரம்பித்தது என்றும், வந்தவர்கள் அந்தப் பத்துப் பேருக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள் என்றும், கொட்டகைச் சிங்கங்கள் வேலியருகே வந்து அவர்கள் கையில் வாளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போயின என்றும் பின்னால் தபோ எழுதினான்.

விமான நிலையக் கழிவறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, மாரப்பன் பயந்துகொண்டே தன்னைப் பார்த்து, 'ஆடாம இரு' என்றான். மூக்கு நுனியில் அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்று பார்த்தான். தாங்கவில்லை, சொறிந்தான். சொறிந்துகொண்டே அழுதான். பக்கத்தில் கை கழுவிய ஆள் ஒதுங்கிப் போனான்.

ஊருக்கு வந்து பிரிண்ட் போட்டதும் நேரே குழந்தைவேலுவின் வீட்டுக்குப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சாந்தாமணியிடம் சொல்லி, சட்டம் போட்ட படத்தைக் கையில் கொடுத்தான். சாந்தாமணி அழவும் இல்லை, அதட்டவும் இல்லை. படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் சிரிக்கறாரு" என்றார். "நீங்க ஒரு வார்த்த சொன்னா எறங்கி வந்துருவாருங்களா?"

"வந்துருவாருங்க. இந்தப் படத்தப் பாத்துச் சொன்னாலே கேக்குமுங்க. நாஞ் சொன்னா கேக்கறவங்க யாருன்னு உங்களுக்குச் சொல்லிட்டனுங்க. சொல்லட்டுங்களா?"

சாந்தாமணி ஹாலைப் பார்த்தார். மாமனார் படம் மாட்டியிருந்த சுவரில், சந்தனமும் குங்குமமும் வைத்து, சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் சிங்கத்தலைக்கு என்று ஒதுக்கி வைத்த இடம், ஆணி அடித்தபடி, காலியாக இருந்தது. புது மணப்பெண்ணாக இந்த ஹாலுக்குள் வந்த நாளிலிருந்து உப்பு உறைக்காத ஒரு மனிதனுக்குச் சோறு போட்டதை நினைத்தாரோ என்னவோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு உள்ளே போய்ச் சிமிழைக் கொண்டுவந்தார். தன் நெற்றிப் பொட்டைத் தொடவில்லை. மோதிர விரலில் குங்குமத்தைத் தொட்டு, கண்ணாடிக்கு மேல், சிரித்துக்கொண்டிருந்த கணவரின் நெற்றியில் சரியாக நடுவில் வைத்தார்.

"இத இருவது வருசத்துக்கு முந்தியே வெச்சிருக்கோணுமுங்க" என்றார். படத்தை அந்த ஆணியில் மாட்டிவிட்டு, காப்பி போட உள்ளே போனார்.